துளைவகைப் பாகங்களையும் ரீஃப்ளோவிலேயே பற்றவைக்க

சர்க்யூட் போர்டு முழுக்க எஸ்எம்டி பாகங்கள் (போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைப்பவை); ஓரத்தில் மட்டும் துளையில் செருகும் ஒரு பின் ஹெடர் (உலோகப் பின்களின் வரிசை). அதற்காகத் தனியே சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டியதில்லை. துளைமேல் சால்டர் பேஸ்ட் (சால்டர் தூளும், உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் ஃபிளக்ஸும் கலந்த பசை) பூசி, பின்னைச் செருகி, மற்றவற்றோடு ரீஃப்ளோ அவனில் (பேஸ்ட்டை உருக்கும் சூட்டடுப்பில்) ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம். பின்-இன்-பேஸ்ட் என்பது இந்த முறையின் பெயர்.

முதலில் பாகம் சூடு தாங்குமா என்று பாருங்கள். ஈயமில்லாத எஸ்ஏசி305 பேஸ்ட் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். உச்சச் சூடு 240–245 வரை போகும். எல்சிபி, பிபிஎஸ் பிளாஸ்டிக் உடல்கள் தாங்கும். பிபிடி 225-ஐ ஒட்டி இளகி உருகிவிடும். டேட்டாஷீட்டில் ‘260 டிகிரி, 10 விநாடி’ என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் வேவ் சால்டரிங்குக்கான எண் (உருகிய சால்டர் அலைமேல் போர்டின் அடிப்பக்கத்தை ஓட்டும் முறை). அங்கே சூடு படுவது பின் நுனியில், இங்கே உடல் முழுவதும். துளைவகை எலக்ட்ரோலிடிக், பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர்களைக் கடைசியில் கையால்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலான தோல்விகள் இங்கேதான். பேஸ்ட்டின் கன அளவில் ஏறக்குறைய பாதிதான் உலோகம். மீதி ஃபிளக்ஸாகப் போய்விடும். 1.6 மி.மீ. போர்டு, 1.1 மி.மீ. துளை, 0.64 மி.மீ. சதுரப் பின் என்று வைத்துக்கொள்வோம். துளை 1.52 கன மி.மீ., அதில் பின் அடைப்பது 0.66. மிச்சம் 0.86, இருபக்க ஃபில்லட்டுக்கும் (பின்னைச் சுற்றிச் சரிவாக நிற்கும் சால்டர்) சேர்த்து 1 கன மி.மீ. சால்டர், அதாவது 2 கன மி.மீ. பேஸ்ட் வேண்டும். பேஸ்ட்டைத் தேய்க்கும் ஸ்குவீஜி தகட்டை இழுக்கும்போது துளையில் பாதி நிறைந்தால் 0.76 உள்ளே போய்விடும். மீதி 1.24-ஐ 0.15 மி.மீ. ஸ்டென்சில் (பேஸ்ட் பூசத் திறப்புகள் வெட்டிய தகடு) தர, பின்னுக்கு 2.1 × 4 மி.மீ. திறப்பு தேவை. துளையை 1.0 ஆக்கினால் மொத்தம் 1.5 கன மி.மீ. போதும். அதற்கும் கீழே இறங்காதீர்கள்: பின்னின் மூலைவிட்டமே 0.9, இறங்கும்போதே பேஸ்ட்டைத் துடைத்துத் தள்ளிவிடும்.

திறப்பு, துளையைச் சுற்றிய செம்புப் பேடைத் தாண்டி சால்டர் மாஸ்க் (சால்டர் ஒட்டாத மேற்பூச்சு) மேல் நீளலாம். உருகியதும் சால்டர் பின்னை நோக்கித் தானே சுருங்கி ஓடும். ஆனால் அந்த வழியில் வயாவோ (அடுக்குகளை இணைக்கும் சிறு துளை) திறந்த செம்போ இருந்தால் அங்கேயே தங்கிவிடும். கனெக்டரின் அடிப்பகுதி பேஸ்ட்டை நசுக்கினாலோ சால்டர் உருண்டைகள் சிதறும். அடியில் இடைவெளி விடும் கால்கள் உள்ள கனெக்டராக எடுங்கள்.

எஸ்எம்டி பாகங்களை வைத்த பிறகே பின்னை நேராக, ஒரே அழுத்தில் இறக்குங்கள். அடியில் 0.5 முதல் 1.5 மி.மீ. நீட்டினால் போதும். அதிகம் நீண்டால் நுனி சுமந்துபோன பேஸ்ட் அங்கேயே உருகிக் குமிழாக நின்றுவிடும், துளைக்குத் திரும்பாது. நுனிகள் எதிலும் உரசாதபடி போர்டை ஓரங்களில் மட்டும் தாங்குங்கள். ஹாட் பிளேட் இதற்கு உதவாது. பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும்போது போர்டு தட்டையாக உட்காராது. இருபக்க போர்டானால் இந்தப் பக்கம் இரண்டாவது ஓட்டத்தில்.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை கிரவுண்ட் பின்னில் ஒட்டுங்கள். உள்ளடுக்குச் செம்பு சூட்டை இழுப்பதால் கடைசியில் உருகுவது அதுதான். 150–200 டிகிரிக்கு இடையே 60–120 விநாடி, உருகுநிலைக்கு மேல் 60–90 விநாடி. அந்தப் பின் மட்டும் நிறையாவிட்டால் பேஸ்ட்டைக் கூட்டாமல் பேடுக்குத் தெர்மல் ரிலீஃப் (சுற்றியுள்ள செம்போடு மெல்லிய கோடுகளால் மட்டும் இணைப்பது) கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரேபோல் குறைந்தால்தான் அளவுக் குறை. திறப்பை நீட்ட இடமில்லையென்றால், பேஸ்ட்டோடு சால்டர் பிரிஃபார்ம் (முன்பே வடிவமைத்த திடச் சால்டர்) துண்டு ஒன்றை வைக்கலாம். அதில் ஏறக்குறைய முழுவதும் உலோகம்தான். மின்னணு போர்டுகளின் தரத்தை மதிப்பிடும் ஐபிசி-ஏ-610 தரநிலை பொதுவாகக் கேட்பது துளையின் உயரத்தில் 75 சதவீத நிரப்பு; கீழ்ப்பக்கத்திலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.