ஒரு சோறு பதம் பார்க்க முடியாத கேம்

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் கேம் விமர்சனத்தை எழுதி எனக்கு அனுப்பியிருந்தான். "அண்ணா, மூணு மேட்ச் ஆடிட்டேன், மூணுமே செம. எட்டரை மார்க் போடலாமா?" கேம், இஏ ஸ்போர்ட்ஸின் காலேஜ் ஃபுட்பால் 26. அதற்கு முந்தின வாரம் இன்னொரு பெண் அதே கேமுக்கு, அதேபோல மூன்று மேட்ச் ஆடிவிட்டு, ஐந்து மார்க் போட்டு அனுப்பியிருந்தாள். இரண்டையும் படித்தபோது இருபது வருடத்துக்கு முந்தைய என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே இருந்தது.

யாருக்கும் தெரிகிற சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன். டுட்டோரியலைத் தாண்டிப் போவது, எளிதான லெவலில் 70 பாயிண்ட் அடித்துவிட்டுப் பெருமைப்படுவது, இதெல்லாம் தானாகவே சரியாகிவிடும். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: இது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். அதிலும் கல்லூரி அணிகள் சனிக்கிழமைகளில் ஆடுவது.

மேடன் அளவுகோலோடு வருவது

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லை வைத்துச் செய்த மேடன் கேமை ஆடிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நானும் மாட்டினேன். என் ஆள் பந்தைப் பிடித்தான், யாரும் தொடவில்லை, கால் சறுக்கி முட்டி தரையில் பட்டது. உடனே விசில். 'கேமில் பிழை' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். பிழை என்னுடையது. என்எஃப்எல்லில் எதிராளி தொட்டால்தான் ஆட்டம் நிற்கும். கல்லூரி ஆட்டத்தில் முட்டி பட்டாலே முடிந்தது.

ஓரக்கோட்டருகே பந்தைப் பிடிக்கும்போது மேடனில் இரண்டு காலும் உள்ளே வேண்டும், இங்கே ஒன்று போதும். ஓவர்டைமில் ஆளுக்கொரு முறை 25 யார்டு கோட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவற்றைவிட முக்கியமானது, மைதானத்தின் நடுவே ஓடும் ஹேஷ் கோடுகள். என்எஃப்எல்லில் இரண்டுக்கும் இடைவெளி பதினெட்டரை அடி, கல்லூரியில் 40 அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால் மறுபக்கம் வெட்டவெளியாகக் கிடக்கும். ஆப்ஷன் ஆட்டம் பிழைப்பதே அந்த வெளியில்தான். எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் உள்ளே பாய்கிறானா, வெளியே நிற்கிறானா என்று பார்த்து, ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுப்பதா வைத்துக்கொண்டு ஓடுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு கேம் நியாயமாகப் பலன் தருகிறதா என்பதைத்தான் எழுத வேண்டும். 'மேடன் மாதிரி இல்லை' என்று எழுதுவதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

பிஎஸ்4 வைத்திருப்பவருக்குச் சிபாரிசு செய்வது

வராது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், அவ்வளவுதான்.

பழைய நினைவோடு மல்லுக்கு நிற்பது

இந்த வரிசையின் பழைய கேமான என்சிஏஏ ஃபுட்பால் 14 வந்தது 2013 ஜூலையில். அடுத்த கேமான காலேஜ் ஃபுட்பால் 25 வந்தது 2024 ஜூலையில். நடுவே பதினொரு வருடம் ஒன்றும் இல்லை. தன் உருவத்தைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தினார்கள் என்று யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் 2009-இல் போட்ட வழக்கு அந்த இடைவெளிக்குப் பெரிய காரணம். அத்தனை வருடமும் ரசிகர்கள் பழைய கன்சோலை விற்காமல், வருடா வருடம் வீரர் பட்டியலைத் தாங்களே மாற்றிப் போட்டு ஆடினார்கள். பதினொரு வருட ஏக்கத்தோடு போட்டி போட்டு எந்த கேமும் ஜெயிக்காது. 'பழசு மாதிரி வராது' என்று எழுதுவதற்கு முன்னால் பழசைப் பரணிலிருந்து இறக்கி ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்கள். அதில் ஆட்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. இடமும் சட்டை எண்ணும்தான்.

2021-இல் விதி மாறியபின் வீரர்கள் தங்கள் பெயரை விற்கலாம் என்றானது. காலேஜ் ஃபுட்பால் 25-க்கு ஆளுக்கு 600 டாலரும் ஒரு கேமும் தருவதாகச் சொல்ல, 11,000 பேருக்கு மேல் சம்மதித்தார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த ஆள் இல்லையென்றால் கேமில் மார்க் குறைக்காதீர்கள். டெக்சஸ் அணியின் பிரபல குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங்கே முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் உள்ளே வந்தார்.

முதல் சீசனிலேயே தீர்ப்பு எழுதுவது

இதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு.

ஒஹையோவில் மேற்படிப்பு படித்த காலத்தில் நாங்கள் நாலு பேர் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். கேம் விஷயத்தில் நான்தான் நாட்டாமை. ஒரு கல்லூரி ஃபுட்பால் கேமை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து வந்து, ஒரே அணியைப் பல சீசன்களுக்கு நடத்துகிற 'டைனஸ்டி' பகுதியில் ஒரு சீசன் முழுக்க ஆடினேன். அபாரம். "வாங்கலாம்டா" என்று தீர்ப்பு சொன்னேன். மளிகைக்கு வைத்திருந்த காசிலிருந்து பங்கு போட்டு வாங்கினோம். ஆளுக்கொரு சின்ன அணி. வெளியே பனி கொட்ட, உள்ளே நாலு பேரும் முறை போட்டு ஆடினோம்.

நாலாவது சீசனில் எல்லாம் கவிழ்ந்தது. மேட்ச் எல்லாம் 63-56 என்று முடிந்தது. டிஃபென்ஸ் என்ற ஒன்றே இல்லை. ஏன் என்று ஒரு பெரிய அணியின் ரோஸ்டரை, அதாவது வீரர் பட்டியலை, திறந்து பார்த்தோம். 90-க்கு மேல் ரேட்டிங் உள்ள குவாட்டர்பேக் மூன்று பேர் பெஞ்சில். தடுக்கிற வரிசையிலோ அறுபதைத் தாண்டியவன் ஒருவனும் இல்லை. இயந்திரம் ஓட்டும் அணிகள் எல்லாமே அப்படித்தான் ஆள் சேர்த்திருந்தன. நாலு மாதமாகக் கட்டிய டைனஸ்டியை அன்றைக்கே ஊற்றி மூடினோம். அதில் ஒருவன் இன்றும் போனில் பேசும்போது, "உன் தீர்ப்பை நம்பி ஒரு மாசம் ரசம் சாதம் சாப்பிட்டோம்டா" என்பான். அது எந்த கேம் என்பது இருக்கட்டும், சொதப்பியது நான்.

காரணம் எளிது. முதல் சீசனில் நீங்கள் பார்ப்பது, கேமை உருவாக்கியவர்கள் உட்கார்ந்து கையால் செதுக்கிய ரோஸ்டர். கல்லூரி வீரன் நாலு சீசன் ஆடுவான், ஒரு வருடம் ஆடாமல் ஒதுங்கியிருக்கிற ரெட்ஷர்ட் வாங்கினால் ஐந்து வருடம் இருப்பான். அதாவது ஐந்தாவது சீசன் முடிவதற்குள் அந்தச் செதுக்கிய ஆட்கள் எல்லோரும் போய்விடுவார்கள். அதன்பின் களத்தில் நிற்பவன் ஒவ்வொருவனும் கேமே பெற்றுப் போட்ட பிள்ளை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே முதல் சீசன் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு. உங்கள் பானை இன்னும் அடுப்பில்கூட ஏறவில்லை.

இப்போது நான் செய்வது இது. ஒரு டைனஸ்டியைத் தொடங்கி, ஒரு மேட்சும் ஆடாமல், ஐந்து சீசனை ஓடவிடுவேன். பக்கத்தில் பேப்பரும் பேனாவும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அதிக யார்டு ஓடியவன் எவ்வளவு ஓடினான் என்று குறிப்பேன். நிஜத்தில் சாதனை 2,628 யார்டு, பாரி சாண்டர்ஸ் 1988-இல் ஓடியது. 2024-இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 வரை வந்து 27 யார்டில் தவறவிட்டார். ஐந்து சீசனில் இரண்டு முறை அந்தச் சாதனை உடைந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது. அப்புறம் ஒரு பெரிய அணி, ஒரு நடுத்தரம், ஒரு சின்னது என மூன்று ரோஸ்டரைத் திறந்து, 85 பேரில் எந்த இடத்துக்கு எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணுவேன். 90-க்கு மேல் ரேட்டிங் உள்ள அணிகள் முதல் வருடம் எத்தனை, ஐந்தாம் வருடம் எத்தனை? பட்டத்துக்கான 12 அணி ப்ளே-ஆஃபில் வருடா வருடம் அதே முகங்கள்தானா? நிஜத்தில் அந்த முறை வந்த முதல் வருடமே பாய்ஸி ஸ்டேட் உள்ளே நுழைந்தது. கேமிலும் எப்போதாவது ஒரு சின்ன அணிக்கு அந்த வழி திறக்க வேண்டும்.

இதற்கு ஒரு சாயங்காலம் போதும். அதன்பிறகு கன்ட்ரோலரை எடுத்து, தேறாத ஒரு அணியோடு மூன்று சீசன் நிஜமாக ஆடுவேன். புது ஆள் பிடிக்க 35 பேர் கொண்ட ரெக்ரூட்டிங் பலகை, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு, சீசன் முடிந்ததும் வீரர்கள் கல்லூரி மாறுகிற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் நம் ஆள் கம்பி நீட்டுவது, இதெல்லாம் முதல் வருடம் யாருக்கும் பிடிக்கும். மூன்றாம் வருடமும் யாரைத் துரத்துவது என்று தலையைச் சொறிய வைக்கிறதா, இல்லை வாராவாரம் அதே பட்டனை அமுக்குகிற கணக்குப்பிள்ளை வேலையாகிவிட்டதா? தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அதுக்குள்ள எல்லாரும் விமர்சனம் போட்டுடுவாங்களே அண்ணா" என்றான். போடட்டும். முதல் நாளே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 'ஒரு சீசன் மட்டுமே ஆடினேன்' என்று மேலேயே எழுதிவிட்டு மார்க்கை மட்டும் நிறுத்தி வை என்றேன். முணுமுணுத்தான்.

அல்டிமேட் டீமை வைத்து மார்க் போடுவது

அது வீரர் கார்டுகளை வாங்கி அணி சேர்க்கிற கடை. தனி ஒரு பத்தி எழுதினால் போதும்.

சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடுவது

இரவில் வீட்டார் தூங்கும்போது ஆடுபவர்கள் செய்வது. இந்த கேமில் கூட்டத்தின் இரைச்சலும் ஆட்டத்தில் ஒரு கை பார்க்கும். மிச்சிகன் மைதானம் 1,07,601 பேர் கொள்வது. அங்கே அனுபவமில்லாத குவாட்டர்பேக்கோடு வெளியூர் அணியாகப் போனால் திரை குலுங்கும், ஆட்கள் ஓட வேண்டிய பாதைக்கோடுகள் புழு மாதிரி நெளியும். ஹெட்ஃபோன் போட்டு அந்த நெருக்கடியில் மூன்றாவது டவுனை, அதாவது மூன்றாவது முயற்சியை, ஆடிப் பாருங்கள். சொந்த மைதானத்தில் மட்டும் ஆடிவிட்டு எழுதியவர்களுக்கு இந்த அம்சம் இருப்பதே தெரிவதில்லை.

தேதி போடாமல் எழுதுவது

ஒரு பேட்ச் வந்தால் நீங்கள் எழுதியதில் பாதி மாறிப்போகும். எந்த வெர்ஷன், எந்தத் தேதி என்று முதல் வரியிலேயே போடுங்கள்.