ஃபெரெட்டோடு முயல் பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் நான் குடியேறிய முதல் குளிர்காலத்தில், எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் பெரியவர் ஒருவர் தன்னோடு வயலுக்கு வரும்படி அழைத்தார். தோளில் வார் போட்ட மரப்பெட்டி, அதற்குள் இரண்டு ஃபெரெட்டுகள், காலோடு ஒட்டி நடக்கும் லர்ச்சர் என்னும் கலப்பின வேட்டை நாய் ஒன்று. பயிரை மேய்ந்து தீர்க்கும் முயல்களைப் பிடித்துத் தரும்படி அக்கம்பக்கத்து விவசாயிகள் அவரைக் கூப்பிடுவார்கள். ஆறு குளிர்காலங்களாக அவர் பின்னால் போய்வருகிறேன். இந்த வேட்டை கெடுவது பெரும்பாலும் வயலில் இல்லை. வீட்டுக் கூண்டருகிலேயே அது கெட்டுவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

ஃபெரெட்டைப் பார்த்த நம்மவர்கள் உடனே கீரி என்கிறார்கள். ஆனால் ஃபெரெட் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கிலிருந்து 2000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கி வளர்த்த இனம். வளைக்குள் அதை விட்டால் முயல் வெளியே பாய்ந்து, வளையின் வாயில் விரித்த சுருக்குவலையில் விழும்.

தமிழ் பேசுகிறவர்கள் இடறும் முதல் இடம் முயல் என்ற சொல்லே. நமக்கு அது ஒரே சொல், ஆங்கிலேயர்களுக்கு இரண்டு. வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல் ஒன்று. வளையே தோண்டாமல் வெட்டவெளியில் மண்ணைச் சிறிது பறித்துப் படுத்துக்கொள்ளும் நெடுங்கால் முயல் இன்னொன்று. நம் ஊர்க் காட்டு முயல் இந்த இரண்டாம் வகை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால் குழிமுயலுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு. நெடுங்கால் முயலுக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2023-இல் வந்த சட்டம் குழிமுயலையும் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. ஊரில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே காட்டு முயல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். இதைப் படித்துவிட்டு நாயோடு கிளம்பிவிடாதீர்கள்.

வளையையும் பார்த்து அறிய வேண்டும். வாய் அகன்று, வெளியே மண் குவியலும் அதில் காய்ந்த புல்லும் கிடந்தால் அது பேட்ஜர் என்னும் காட்டு விலங்கின் வளையாக இருக்கலாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கலைப்பதே குற்றம். ஐயம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலிக்குப் போய்விடுவதே நல்லது.

இனிக் கூண்டுக்கு வருகிறேன். நான் மிகவும் வருந்துவது பெண் ஃபெரெட்டுக்கு நேரும் கதியை நினைத்துத்தான். வசந்தத்தில் பகல் நீளும்போது அது பருவத்துக்கு வரும். ஆணோடு சேராவிட்டால் அந்தப் பருவம் தானாக அடங்காது. மாதக்கணக்கில் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் ஊறிக்கொண்டே இருந்து எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். இரத்தசோகை முற்றி உயிரே போய்விடும். ‘குட்டி வேண்டாம், அதனால் தனியாக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும் புதியவர்கள், தாம் செய்வது என்னவென்று தெரியாமலேயே அதைக் கொல்கிறார்கள். விந்துக்குழாய் வெட்டப்பட்ட ஆணோடு சேர்க்கலாம். கால்நடை மருத்துவர் ஊசி போடலாம், தோலுக்கடியில் மருந்து வைக்கலாம். எதைச் செய்வதென்று பிப்ரவரியிலேயே அவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போடுவது இந்நாட்டின் பழைய வழக்கம். ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் உயிர். அதன் குடல் பாலுக்கும் ரொட்டிக்கும் ஏற்றதன்று. முயல், கோழி என எலும்போடு சேர்ந்த இறைச்சியே அதற்கு உணவு. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டுக்குத் தொற்றினால் அநேகமாகப் பிழைக்காது. நாயும் ஃபெரெட்டும் ஒரே வண்டியில் போகும் வீட்டில் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. நம் சளிக்காய்ச்சலும் அதைப் பிடிக்கும். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸை 1933-இல் லண்டனில் விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளைக் கொண்டுதான். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அன்று வேறு யாராவது தீனி வைக்கட்டும்.

பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. பசித்த ஃபெரெட் முயலை விரட்டாது. வளைக்குள்ளேயே கொன்று, தின்று, அதன் மேல் படுத்துத் தூங்கிவிடும். மூன்று நான்கு மணி நேரத்தில் அதற்குச் செரித்துவிடும் என்பதால் காலையில் கொஞ்சம் தீனி வைத்தே கிளம்ப வேண்டும்.

வயலில் காலம் முக்கியம். செடிகொடிகள் வாடிய பின், ஏறத்தாழ அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை. அதற்குமேல் வளைக்குள் குட்டிகள் இருக்கும். ஓடத் தெரியாத குட்டிகளை ஃபெரெட் உள்ளேயே கொன்றுவிடும். நமக்கும் பயனில்லை, அந்த உயிர்களுக்கும் கொடுமை.

பேச்சு, காலடி ஓசை, வண்டிக்கதவை அறைந்து சாத்துவது எல்லாமே வளைக்குள் கேட்கும். மேலே மனிதர் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் முயல் வெளியே பாய்வதைவிட உள்ளே கடிபடவும் துணியும். பெரியவர் வலை விரிக்கும்போது இருமலைக்கூட அடக்கிக்கொள்வார். வலையை நிறுத்தும் முளைக்குச்சியைச் சுத்தியலால் அடிக்க மாட்டார். குதிகாலால் மெல்ல அழுத்துவார். வலையை இழுத்துக் கட்டினால் சுருங்காது. தளர்வாகத் தொங்க வேண்டும். முட்செடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வாயை நாம் விட்டுவிட்டால் முயல் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

அந்த வாயை நமக்குக் காட்டுவது நாய். வளையில் முயல் இருந்தால் நாய் தலையைச் சாய்த்து, ஒரு முன்காலைத் தூக்கி, அப்படியே உறைந்து நிற்கும். அது நிற்காமல் கடந்துபோன வளையில் பேராசையோடு இருபது வலை விரித்து, ஒன்றும் கிடைக்காமல் சுருட்டிய நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் அந்த நாய் குட்டியிலிருந்தே ஃபெரெட்டின் மணத்தோடு வளர்ந்ததாக இருக்க வேண்டும். வேட்டை நாளன்று அறிமுகப்படுத்தினால், வளையிலிருந்து தலை நீட்டும் ஃபெரெட்டை முயலென்று கவ்விவிடும். ஆட்டை விரட்டும் நாயோடு பண்ணைக்குள் போகவே வேண்டாம். அது 1953-ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குற்றம். ஆட்டைக் காக்க விவசாயி நாயைச் சுட்டால் நாம் கேட்க முடியாமலும் போகலாம்.

போன ஜனவரியில் ஒரு நாள், மாலை மூன்றரை மணி. நான்குக்கெல்லாம் இருட்டிவிடும். உள்ளே போன பெண் ஃபெரெட் வரவில்லை. அதன் கழுத்துப்பட்டையில் சிறு டிரான்ஸ்மிட்டர். கையிலிருந்த கருவி ஓரிடத்தில் விடாமல் ஒலித்தது. இரண்டடி ஆழம். நான் பதற்றத்தில் நேர் மேலேயே மண்வெட்டியை ஓங்கினேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நேர் மேலே வெட்டினால் மண் சரிந்து ஃபெரெட்டை மூடும், மண்வெட்டியே அதன் முதுகில் இறங்கலாம். ஒரு சாண் தள்ளி, வாய் குறுகிய மண்வெட்டியால் தோண்டினோம். பிறகு நான் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். ஈரமண், வேர், அப்புறம் வெதுவெதுப்பான மயிர். வளையின் முட்டுச்சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு முயல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்புறத்தை ஃபெரெட் பிறாண்டிக்கொண்டிருந்தது; நகங்களுக்கிடையே பஞ்சுபோல முயல் மயிர். முயலை வெளியே எடுத்த நொடியே பெரியவர் கழுத்தை முறித்தார். அதில் ஒரு நொடி தயங்குவதும் தவறு. தயக்கத்தின் வேதனையை அனுபவிப்பது முயல்.

வெளியே வரும் ஃபெரெட்டைப் பாய்ந்து பிடிப்பது எல்லாப் புதியவர்களும் செய்வது. இரண்டு முறை அப்படிப் பிடித்தால் மூன்றாம் முறை அது வாயருகே வந்து, கையைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிடும். அந்தப் பழக்கம் எளிதில் போகாது. முழு உடலும் வெளியே வரும்வரை காத்திருந்து, கையைத் தாழ்வாகக் கொண்டுபோய் நெஞ்சுக்குக் கீழே ஏந்த வேண்டும்.

கிளம்பும்போது வலைகளை எண்ணுங்கள். மண்ணில் மறந்த ஒரு வலையில் பறவையோ வேறு உயிரோ சிக்கிச் சாகும். ஃபெரெட்டையும் ‘தானே வந்துவிடும்’ என்று விட்டுப் போகக் கூடாது. வட அயர்லாந்தின் ராத்லின் தீவில் முயலுக்காகக் கொண்டுவந்த ஃபெரெட்டுகள் காட்டில் பெருகி, கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றன. அவற்றை அகற்றத் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது. இருட்டிய பின்னும் வராவிட்டால், பெட்டியை அதன் பழைய வைக்கோலோடு கடைசியாக அது நுழைந்த வாயருகே வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, விவசாயியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விடியுமுன் திரும்பிப் போனால், அநேகமாக வைக்கோலுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.