ஒரு வீடு, இரண்டு ஒப்பந்தம்: தம்பதியாக ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

‘தம்பதியர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு துள்ளும். ஆறு மாதமோ ஒரு வருடமோ இருவருமாக ஒரு புது நாட்டில் இருந்து, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? விண்ணப்பியுங்கள், தப்பில்லை. ஆனால் வேலை விசா கொடுக்கிறவர்கள் கணக்கில் நீங்கள் தம்பதி இல்லை, இரண்டு ஆசிரியர்கள். இரண்டு விசா, இரண்டு ஒப்பந்தம், இரண்டு கட்டுக் காகிதம்.

முதலில் பாஸ்போர்ட். நம்மவர்களில் கணவருக்கு ஒரு நாட்டுப் பாஸ்போர்ட், மனைவிக்கு வேறொன்று என்பது சகஜம். இந்த வேலையில் அது பெரிய வித்தியாசம். தென் கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவைப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே கொடுக்கிறது. கனடா பாஸ்போர்ட்காரருக்கு வேலை கிடைக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துணைக்குப் பெரும்பாலும் கிடைப்பது குடும்ப விசா. அதில் கூட இருக்கலாம், வகுப்பெடுக்க முடியாது. ஜப்பான் கொஞ்சம் தாராளம். ஆங்கிலம் தாய்மொழி இல்லையென்றாலும் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டினால் கற்பிக்கும் வேலைக்கு விசா கேட்கலாம். அதற்குப் படித்த பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் கடிதம் வேண்டும், இப்போதே எழுதிக் கேளுங்கள். அங்கே துணையாகப் போகிறவரும் தனியாக அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். வியட்நாமில் வேலை அனுமதிக்குப் பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழும் கேட்பார்கள்.

‘சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்டைப் பற்றி ஒரு வரி போதும்: மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீங்கள், அவர் இல்லை.

குறுகிய காலம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆளை வெளியிலிருந்து வரவழைக்கக் காகித வேலைக்கே சில மாதம் ஆகும். அதனால் பள்ளிகள் ஒரு வருடத்துக்குக் குறைந்து எடுக்கத் தயங்கும். மூன்று வாரக் கோடை முகாம், பிரசவ விடுப்பில் போன ஆசிரியரின் இடம், பாதியில் விட்டுப்போனவரின் செமஸ்டர் போன்றவை ஏற்கெனவே அந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதியோடு இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் போகும். நீங்கள் வந்து இறங்கி, கையில் அந்த அனுமதி இருந்தால் இந்த வேலைகளைத் துணிந்து கேளுங்கள். பள்ளி ஆண்டு தொடங்குவது கொரியாவில் மார்ச், ஜப்பானில் ஏப்ரல், தாய்லாந்தில் மே. அதற்கு நாலைந்து மாதம் முன்பே பெரிய ஆள்சேர்ப்பு நடக்கும்.

சான்றிதழில் கஞ்சத்தனம் வேண்டாம். 120 மணி நேர ஆன்லைன் படிப்பு விண்ணப்பப் படிவத்தைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியை முழுநேரமாகப் படித்தால் வழக்கமாக 4 வாரம். அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். ‘ஒருவர் படித்தால் போதும், மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்வார்’ என்று பணத்தை மிச்சம் பிடித்தால், எல்லாம் அந்த இன்னொருவரின் விசாவில் வந்து நின்றுவிடும்.

அப்புறம் பெயர். பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, திருமணச் சான்றிதழுக்குப் பிறகு எடுத்த காகிதங்களில் கணவர் பெயர். நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாத அதிகாரிக்கு மூன்று பேர். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை) போடக் கொடுக்கும் கட்டோடு சேர்த்துவிடுங்கள். அங்கே போனபிறகு இதற்காக அலைவது கொடுமை. போகிற நாடு அப்போஸ்டிலை ஏற்காதது என்றால் தூதரக முத்திரை வேண்டும், அதையும் முன்னமே விசாரியுங்கள்.

டெமோ கிளாஸுக்கு வருவோம். வீடியோவில் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கச் சொல்வார்கள். நம்மில் பலர் உடனே இலக்கணம் விளக்க ஆரம்பித்துவிடுவோம். அப்படித்தானே நாமும் படித்தோம். அவர்கள் பார்ப்பது வேறு: மாணவர்கள் எவ்வளவு பேசினார்கள், நீங்கள் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். ஒலியில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கொரியாவில் குழந்தைகள் காஃபியை ‘கொப்பி’ என்பார்கள், அவர்கள் மொழியில் ‘ஃப’ இல்லை. நாமும் காப்பி என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே! கீழுதட்டை மேற்பல் தொட்டு ஊதினால் ‘ஃப’ வருகிறது என்பதை ஒருநாள் உட்கார்ந்து பழகியவருக்கு அதைச் சொல்லித்தரத் தெரியும். பிறவியிலேயே வந்தவர் ‘நான் சொல்வதுபோலச் சொல்’ என்பதோடு நிறுத்திவிடுவார்.

இனி வீடு. தம்பதி என்றால் பள்ளி ஆசைப்படுவதற்குக் காரணமே இதுதான்: இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே வீடு கொடுத்தால் போதும். மிச்சமாகும் வாடகை யாருக்கு? கேளுங்கள். ஒருவருக்கு வீடு, மற்றவருக்கு வீட்டு வாடகைப் படி பணமாக என்று பேசிப் பார்ப்பதில் வெட்கமில்லை. அதைவிட முக்கியம், ஒருவர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ மற்றவரின் வேலையும் வீடும் என்னாகும் என்ற வரி. நாங்கள் போன முதல் இடத்தில் வீடு என் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. நான்காவது மாதம் எனக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துவராமல் நான் விலகியபோது, வேலையில் தொடர்ந்த மனைவி ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ‘இருவரில் எவர் வேலையில் இருந்தாலும் வீடு தொடரும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் போதும். அடுத்த இடத்தில் கேட்டோம், மறுபேச்சின்றி எழுதிக்கொடுத்தார்கள்.

இதனால்தான் இருவரும் ஒரே பள்ளியில் சேர்வதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. ஒரே ஊர், வெவ்வேறு பள்ளி என்றால் ஒரு முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தாலும் இன்னொரு சம்பளம் வரும். ஆனால் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட வேலை காலையில் தொடங்கி மாலையில் முடியும். தனியார் டியூஷன் சென்டர் மதியத்துக்கு மேல் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை போகும். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று சேர்ந்தால் வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டில்தான் பேசிக்கொள்வீர்கள். விளம்பரத்தில் ‘வாரம் 25 மணி நேரம்’ என்றால் அது வகுப்பு நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய நேரமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். நம்பர் தர மறுத்தால் அதுவே பதில். பாஸ்போர்ட்டைப் பள்ளியிடம் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். முதல் சம்பளம் மாதம் முடிந்துதான் வரும், ஆகவே இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். வங்கிக் கணக்கு இருவருக்கும் தனித்தனியாக. ‘இரண்டு சம்பளத்தையும் சார் கணக்கிலேயே போட்டுவிடுகிறோமே’ என்று சிரித்தபடி கேட்பார்கள். வேண்டாம் என்று நீங்களும் சிரித்தபடியே சொல்லுங்கள்.