குழந்தையின் காலுக்குள் வளையும் கம்பி: எங்கே தவறுகிறோம்?

பத்து வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பை முறித்துக்கொள்கிறான். "கம்பி வைத்துவிட்டால் சீக்கிரம் சேர்ந்துவிடுமாமே" என்று பெற்றோர் அவசரப்படுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. இந்த வயதில் பெரும்பாலான முறிவுகளுக்கு மாவுக்கட்டே போதும். கட்டுக்குள் எலும்பு நிலைகொள்ளாமல் நகர்ந்தாலோ, தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்டாலோ, வேறு எலும்புகளும் முறிந்திருந்தாலோ கம்பியைப் பற்றி யோசிக்கலாம்.

பிரான்சின் நான்சி நகரில் மெத்தேசோ உள்ளிட்ட மருத்துவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த முறை இது. முழங்காலுக்குக் கீழே உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு டைட்டானியம் கம்பிகளை வில்லாக வளைத்து எலும்புக் குழலுக்குள் செலுத்துவார்கள். ஒன்று ஒரு பக்கச் சுவரையும் மற்றது எதிர்ச் சுவரையும் தள்ளும். அந்த இழுபறிதான் எலும்பை நிறுத்துகிறது. இந்தக் கம்பிக்கு வலிமையைவிடச் சமநிலை முக்கியம் என்பதை மறந்தால்தான் வம்பு. ஒவ்வொரு கம்பியின் தடிமனும் குழலின் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். அந்த இடம் 8 மி.மீ. என்றால், 40 சதவீதம் 3.2, ஆகவே 3 மி.மீ. கம்பிகள் இரண்டு. கைக்குக் கிடைத்ததென்று ஒன்று 3, ஒன்று 2.5 எனப் போட்டால் எலும்பு கோணலாகச் சேரக்கூடும். வில்லின் உச்சி முறிவுக்கு நேரே நிற்காவிட்டாலும் பிடிப்புக் குறையும்.

இந்த எலும்பின் குறுக்குவெட்டு முக்கோணம். அதனால் இரண்டு கம்பிகளும் பின்பக்கம் ஒதுங்கி, எலும்பைப் பின்னோக்கி வளைக்கப் பார்க்கும். முன்பக்க எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் எடுக்காமல் அறுவையை முடிப்பது மன்னிக்க முடியாத சோம்பல். துளையிடும் இடத்திலும் கவனம் வேண்டும். முழங்காலின் கீழ் முன்புறம் புடைத்திருக்கும் இடத்தின் வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியை, காயப்படுத்தினால், பிள்ளை வளர வளர முட்டி பின்னோக்கி வளையலாம். 50 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கும், சில்லுச் சில்லாக நொறுங்கிய எலும்புக்கும் இந்தக் கம்பியை மட்டும் நம்புவது ஆபத்து.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு இரவுகளை. கெண்டைக்காலின் தசைகள், தம்மைச் சுற்றியிருக்கும் விரிந்துகொடுக்காத உறைக்குள் வீங்கி நெரிபடலாம். பிள்ளை நிலைகொள்ளாமல் துடிப்பான். வலி மருந்து கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்பான். கால் விரலை மெல்ல மேலே நிமிர்த்தினாலே அலறுவான். "விரல் சிவப்பாக இருக்கிறது, நாடியும் துடிக்கிறது" என்று காலைவரை காத்திருக்கக் கூடாது. நாடி துடிக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவரை எழுப்புங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நாட்டு வைத்தியக் கட்டை இறுக்குவதும் இதே ஆபத்தை வரவழைக்கும்.

கம்பியின் நுனி தோலுக்கடியில் நெருடுவதுதான் மிகச் சாதாரணமான தொல்லை. அதை எண்ணெய் விட்டு நீவாதீர்கள். சிவந்தாலோ நீர் கசிந்தாலோ காட்டுங்கள். எலும்பு முழுமையாகச் சேர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பின்பு, பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள் கம்பியை எடுப்பார்கள். பையன் ஓடி ஆடுகிறானே என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால், நுனியை எலும்பு மூடிக்கொள்ளும். எடுக்கிற அறுவை, வைத்த அறுவையைவிடப் பெரிதாகிவிடும்.