128 பேர், 16 இடம்: ஸ்னூக்கர் தகுதிச் சுற்றை ஒரு தாளில் பிடிப்பது எப்படி

ஏப்ரல் மாதம் வந்தால் என் மேசையில் இரண்டு தாள் கிடக்கும். ஒன்று ஷிப்மென்ட் தேதிகள். அதற்கு அடியில் மறைத்து வைத்திருப்பது, நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்று அட்டவணை. இரண்டில் எதை அதிகம் எடுத்துப் பார்ப்பேன் என்று கேட்காதீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, முதலாளியும் போன் வைத்திருக்கிறார்.

கோபியிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டான். காலேஜ் பக்கத்து ஸ்னூக்கர் பார்லரில் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், பிடிக்கப் பழகியிருக்கிறான், ஆனால் போட்டி எதையும் முழுதாகப் பார்த்தவன் இல்லை. “ஏனுங் மாமா, உலகச் சாம்பியன்ஷிப்ல 32 பேருதானுங்க ஆடுவாங்க? இதுல நூத்துக்கு மேல பேரு இருக்குது?” என்றான். அன்றைக்கு அவனுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்னூக்கரே புதிது என்றாலும் பரவாயில்லை. சிவப்புப் பந்துக்கு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு கலர் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு சின்னப் பெருமையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் பட்டாள அதிகாரிகள் நடுவே பிறந்தது. அதற்கு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியது 1882-ல் ஊட்டி கிளப்பில். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏறினால் வந்துவிடும் ஊர். ஆகவே ஷெஃபீல்டில் நடப்பது நமக்கு ஒட்டாத சமாச்சாரம் என்று யாரும் சொல்ல முடியாது.

வேண்டியவை

ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர், போன். பேனா வேண்டாம். ஏன் என்று நான்காம் படியில் என் மானம் போன கதையோடு வருகிறது.

படி 1: எண்ணிக்கையை மனதில் ஏற்றுங்கள்

பெரிய மேடை ஷெஃபீல்டில் உள்ள க்ரூசிபிள் தியேட்டர். 1977-லிருந்து உலகச் சாம்பியன்ஷிப் அங்கேதான். அதில் ஆடுவது 32 பேர். 16 பேர் நேராக உள்ளே போவார்கள்: நடப்புச் சாம்பியன், அப்புறம் ரேங்கிங்கில் முன்னால் நிற்கிறவர்கள். மீதி 16 இடத்துக்கு அதே ஊரில் இங்கிலீஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்போர்ட் என்ற விளையாட்டு வளாகத்தில் 128 பேர் மோதுவார்கள். அங்கே தியேட்டர் வெளிச்சம் கிடையாது. வரிசையாக மேசைகள், நடுவே தடுப்பு, கைவிரல்விட்டு எண்ணும் அளவுக்குப் பார்வையாளர்கள். இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது.

படி 2: யார் எந்தச் சுற்றில் இறங்குகிறார்கள்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். 128 பேரும் முதல் நாளே ஒன்றாக இறங்குவதில்லை.

நம் ஊர்க் கபடிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் கப் அடித்த டீமுக்கு ‘பை’ கொடுத்து நேராகக் காலிறுதியில் இறக்குவோம். புதிதாகப் பேர் கொடுத்த டீம் காலை ஏழு மணிக்கே மண்ணில் புரண்டாக வேண்டும். இங்கேயும் அதே நியாயம், நாலு படிக்கட்டாக:

முதல் சுற்றில் வரிசை எண் 81 முதல் 112 வரை உள்ளவர்களும், 113 முதல் 144 வரை உள்ளவர்களும் மோதுவார்கள். இந்தக் கடைசி வரிசையில் அமெச்சூர்கள் நிறைய. இரண்டாம் சுற்றில் 49 முதல் 80 வரை உள்ளவர்கள் வந்து காத்திருப்பார்கள். மூன்றாம் சுற்றில் 17 முதல் 48 வரை. நான்காவது சுற்றில் புதிதாக யாரும் வருவதில்லை, மிஞ்சிய 32 பேர் தங்களுக்குள் மோதி 16 ஆகிறார்கள்.

17-ஆம் எண்காரரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 16-ஆம் எண்காரர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். இவர் இரண்டு பெரிய ஆட்டம் ஜெயித்தால்தான் அதே மேடையில் கால் வைக்க முடியும். அதனால் மார்ச் மாதமே பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் ரேங்கிங் பட்டியலைப் பார்த்துப் பதறுவார்கள்.

படி 3: தாளில் ஏணி வரையுங்கள்

128 பேரையும் ஒரே மூச்சில் எழுதினால் தாளும் போதாது, பொறுமையும் போதாது. நான் கண்டுபிடித்த வழி இது. 16 இடம், 128 பேர்; வகுத்தால் ஓர் இடத்துக்கு 8 பேர். ஆக மொத்த அட்டவணையும் எட்டுப் பேர் கொண்ட 16 சின்னக் கட்டங்கள்தான். ஒரு கட்டம் புரிந்தால் மீதி 15-ம் அச்சு அசல் அதே மாதிரி.

ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஏணி. ஒவ்வோர் ஏணியிலும் நாலு பேர். கீழ்ப்படியில் 113-க்குப் பிறகு உள்ள ஒருவரையும் 81–112-ல் ஒருவரையும் எழுதுங்கள். அவர்களில் ஜெயித்தவருக்கு மேலே ஒரு காலிக் கோடு, அதன் பக்கத்தில் 49–80-ல் ஒருவர். அதற்கு மேலே இன்னொரு காலிக் கோடு, பக்கத்தில் 17–48-ல் ஒருவர். ஏணி முடிந்தது. பக்கத்தில் இதே போல இன்னோர் ஏணி. இரண்டு ஏணியின் உச்சியையும் ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் நான்காவது சுற்று. அதற்கு மேல் ஒரு பெட்டி போட்டு ‘க்ரூசிபிள்’ என்று எழுதுங்கள்.

சரிபார்க்க ஒரு கணக்கு: 32 ஆட்டம், மறுபடி 32, மறுபடி 32, கடைசியில் 16. மொத்தம் 112. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுவார், 128-லிருந்து 112 போனால் 16. உங்கள் தாளில் இந்த எண்ணிக்கை வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

பேர்களும் ஆட்ட நேரமும் வேர்ல்ட் ஸ்னூக்கர் டூர் தளத்தில் கிடைக்கும். முதல் வருஷம் 16 கட்டமும் வரையாதீர்கள். இரண்டே கட்டம் போதும்.

படி 4: ஸ்கோரைப் படிப்பது

2023-லிருந்து தகுதிச் சுற்றின் எல்லா ஆட்டமும் 19 ஃபிரேம் கணக்கு. ஃபிரேம் என்றால் பந்துகளை ஒரு தடவை அடுக்கி ஆடி முடிப்பது. முதலில் 10 ஃபிரேம் எடுப்பவர் ஜெயித்தார். இதை ஒரே மூச்சில் ஆட முடியாது என்பதால் இரண்டு செஷனாகப் பிரிப்பார்கள். முதல் செஷனில் 9 ஃபிரேம், மிச்சம் இரண்டாவதில்.

முதன்முதலாக இந்த அட்டவணை போட்ட வருஷம் போனில் 6–3 என்று பார்த்தேன். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து அடுத்த கோட்டில் பேனாவால் பேரை எழுதிவிட்டேன். நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. மறுபடி பார்த்தால் ஜெயித்தது மற்றவர். அன்றிலிருந்து பென்சில்தான். மாப்பிள்ளையும் அதே குழியில்தான் விழுந்தான்: “நேத்து ஜெயிச்சவன் இன்னைக்கு மறுக்கா ஏனுங் மாமா ஆடறான்?” “டேய் மாப்ள, அவன் இன்னும் ஜெயிக்கவே இல்லடா.”

விதி எளிது. இரண்டு எண்ணில் ஒன்று 10 ஆகும் வரை ஆட்டம் முடியவில்லை. இரண்டையும் கூட்டினால் சரியாக 9 வந்தால் அது பாதியில் நிற்கிறது. 5–4, 6–3, 7–2 எல்லாமே பாதிக் கிணறு.

பழைய முடிவுகளைத் தோண்டும்போது மட்டும் ஜாக்கிரதை. கொரோனாவுக்குப் பிந்தைய சில வருஷம் முதல் மூன்று சுற்றையும் 11 ஃபிரேமாகக் குறைத்திருந்தார்கள், 6 எடுத்தால் போதும். ஏழு முறை உலகச் சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரியும், ஆறு முறை இறுதிப் போட்டியில் தோற்ற ஜிம்மி ஒயிட்டும் 2021-ல் தகுதிச் சுற்றின் முதல் சுற்றிலேயே மோதினார்கள். ஹென்ட்ரி 6–3. அது முடிந்த ஆட்டம். ஒரு காலத்தில் க்ரூசிபிள் இறுதிப் போட்டியில் மோதிய இரண்டு பேர், வயதான பின் தடுப்புக்குப் பின்னால் அமெச்சூர்கள் நடுவே வந்து நின்றதைப் பார்த்து எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் ஹென்ட்ரியும் வெளியே.

படி 5: மேசையில் இன்னும் எவ்வளவு மிச்சம்

நேரலையில் பார்க்கும்போது “இந்த ஃபிரேம் முடிந்துவிட்டதா” என்று தெரிய ஒரே கணக்கு. ஆறு கலர்களும் சேர்ந்து 27. மிச்சம் உள்ள ஒவ்வொரு சிவப்புக்கும் 8 கூட்டுங்கள், சிவப்பு 1, கறுப்பு 7 என்பதால். மூன்று சிவப்பு இருந்தால் 24-ம் 27-ம் சேர்த்து 51. பின்தங்கியவர் 51-க்கு மேல் பின்னால் இருந்தால் பந்து போட்டு மட்டும் ஜெயிக்க முடியாது. எதிராளியைத் தப்பு செய்ய வைக்க வேண்டும், அதாவது நேராக அடிக்க முடியாதபடி வெள்ளைப் பந்தை இன்னொன்றின் பின்னால் ஒளிக்க வேண்டும். ஒரு ஃபவுலுக்குக் குறைந்தது 4. கலர் ஆறு மட்டும் மிச்சம், 30 பின்தங்கல் என்றால் ஒரு ஃபவுல் வாங்கி எல்லாவற்றையும் போட்டால் 31, ஒரு புள்ளியில் ஜெயம்.

தியேட்டர் மேடையில் பெரிய சீடுகள் (முன்வரிசை எண்காரர்கள்) இந்த நிலையில் கை கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தகுதிச் சுற்றில் அப்படி லேசில் விடமாட்டார்கள். இரண்டு ஃபவுல் தேவை என்றாலும் இருபது நிமிஷம் மல்லுக்கட்டுவார்கள். ஏன் என்பது அடுத்த படி.

படி 6: பக்கத்தில் ஒரு பணக் கோடு

ஏணியின் ஒவ்வொரு படிக்கும் நேரே பணத்தை எழுதுங்கள். 2024 கணக்கு: முதல் சுற்றில் தோற்றால் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் தோற்றால் 5,000 பவுண்டு, மூன்றாவதில் 10,000, நான்காவதில் 15,000. க்ரூசிபிள் முதல் சுற்றில் தோற்றாலே 20,000. கோப்பைக்கு 5,00,000.

ஸ்னூக்கரில் ரேங்கிங் என்பதே கடைசி இரண்டு வருஷத்தில் ரேங்கிங் போட்டிகளில் சம்பாதித்த பணம்தான். சீசன் கடைசியில் முதல் 64 இடத்துக்குள் இருந்தால் தொழில்முறை உரிமம் தங்கும். வெளியே விழுந்து, இரண்டு வருஷ உரிமமும் தீர்ந்தவர் மறுபடி ‘கியூ ஸ்கூல்’ என்ற தகுதிப் போட்டிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் சீசனின் கடைசிப் போட்டி என்பதால் 60, 65-ஆம் இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சுற்றில் ஓர் ஆட்டம் என்பது வேலை நிற்குமா போகுமா என்கிற ஆட்டம். அந்தப் பேர்களுக்கு உங்கள் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். என் கணக்கில் முழுப் போட்டியிலும் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

படி 7: நேரம்

இங்கிலாந்து பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர்களுக்கு இது மனப்பாடம். மற்றவர்களுக்கு: ஏப்ரலில் நாலரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கே காலை 10 என்றால் நமக்கு மதியம் 2.30. மாலை 7 என்றால் இரவு 11.30. குளிர்காலப் போட்டிகளுக்கு ஐந்தரை.

படி 8: ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லோரையும் பார்த்தால் யாரும் மனதில் நிற்கமாட்டார்கள். நம்மவர் யாராவது ஏணியில் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இஷ்பிரீத் சிங் சத்தா பேர் கண்ணில் பட்டால் நான் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் வரைவேன். 2013-ல் டெல்லி இந்தியன் ஓப்பன் இறுதி வரை வந்த ஆதித்யா மேத்தாவை டிங் ஜுன்ஹுய் 5–0 என்று துவைத்ததை இன்னும் மறக்கவில்லை.

அல்லது கீழ்ப்படியிலிருந்து ஒருவரை எடுங்கள். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கோப்பையே தூக்கியவர்கள் உண்டு: 1972-ல் அலெக்ஸ் ஹிக்கின்ஸ், 1979-ல் டெரி கிரிஃபித்ஸ், 2005-ல் ஷான் மர்ஃபி, 2025-ல் சாவ் சின்டாங். இந்த நாலில் சாவ் கதைதான் நம் ஏணிக்குச் சரியான உதாரணம். தடைக்காலம் முடிந்து திரும்பியவர், கையில் உரிமம் இல்லாத அமெச்சூர். ஏணியின் அடிப்படியிலிருந்து நாலு ஆட்டம் ஜெயித்து உள்ளே போனார். அரையிறுதியில் ரானி ஓசல்லிவனை 17–7, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18–12. ஆசியாவின் முதல் உலகச் சாம்பியன். அதற்கு முந்தின வருஷம் அரையிறுதிக்கு வந்த நாலு பேரில் மூன்று பேர் தகுதிச் சுற்றுக்காரர்கள்.

படி 9: கடைசி இரண்டு நாள்

நான்காவது சுற்றின் 16 ஆட்டமும் நடக்கும் இரண்டு நாளை ‘தீர்ப்பு நாள்’ என்கிறார்கள். பல மேசையில் ஒரே நேரத்தில் 9–9 வரும். அப்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசையைப் பார்ப்பது என்று தவிப்பீர்கள். புள்ளி வைத்த பேர் எந்த மேசையில் இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

16 பெட்டியும் நிரம்பியதும், உள்ளே காத்திருக்கும் 16 பேரில் யாருக்கு யார் என்று குலுக்கிப் போடுவார்கள். அதற்குப் புதுத் தாள் எடுத்து, இடப்பக்கம் சீடு 1 முதல் 16 வரை எழுதி வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். மாப்பிள்ளை அதையும் வரைந்து, தன் ஆளுக்கு நடப்புச் சாம்பியன் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுந்தது நடப்புச் சாம்பியனேதான். ரப்பரைத் தேட ஆரம்பித்தான்.