செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் கேபிளைச் சோதியுங்கள் (டிராக்டர், டிரெய்லர் வயரிங்)

சம்பா அறுத்து, காரைக்குடி பக்கத்துப் புதுவயல் அரிசி ஆலைக்கு நெல் ஏற்றும் நேரம் பார்த்துத்தான் டிராக்டர் மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. வண்டி எடுத்துவிட்டாலும் பின்னால் டிரெய்லரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். உடனே பேட்டரி கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். புது பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் நன்றாகவே எடுக்கும். மாற்றும்போது கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதால் வந்த குணம் அது. பழுது கேபிளுக்குள் அப்படியே இருக்கும், பணம் போனதுதான் மிச்சம்.

இங்கே சொல்வது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் டிராக்டருக்கும், அதில் 7 பின் சாக்கெட் வழியாக மாட்டும் டிரெய்லருக்கும். காருக்கும் மினி லாரிக்கும் சோதிக்கும் முறை இதேதான்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், 10, 13 ஸ்பேனர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆப்ப சோடா, வாஸ்லின், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த நீளமான ஒரு வயர். டெஸ்ட் லேம்ப் வாங்கும்போது உள்ளே ஃபிலமென்ட் பல்பு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எல்இடி டெஸ்டர் வேண்டாம். எல்இடி எரிய சில மில்லி ஆம்பியர் போதும். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் "கரண்ட் வருகிறது" என்று காட்டிவிடும். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். வயர் செத்திருந்தால் அது மங்கும், ஏமாற்றாது.

முதலில் பேட்டரி

ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

அடுத்து கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப்பர் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 5 வினாடி போதும், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 10-க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்று பிடிப்பது

புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கேபிளின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம் பார்ப்பதால் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். மீட்டரின் சொந்த வயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். அது எப்படி 0.01-ஐக் காட்டும்? அதே போல செல்ஃப் அடிக்காமல் ஸ்டார்ட்டரில் வோல்ட் பார்த்து "12.6 வருகிறதே" என்று திருப்திப்படுவதும் தவறு. கரண்ட் ஓடாத போது முக்கால்வாசி அறுந்த கேபிளிலும் 12.6 வரும். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டர் பிடிக்க வேண்டும்.

பாசிட்டிவ் பக்கம்: மீட்டரின் சிவப்பு முள்ளை (வயர் நுனியில் உள்ள கூர்முனை) பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணின் நடுவில் அழுத்துங்கள். கிளாம்பின் மேல் வைத்துவிடாதீர்கள். கருப்பு முள்ளை ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) பேட்டரி கேபிள் வந்து மாட்டும் போல்ட்டில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.4, 0.5 வோல்ட் வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் பழுது.

சொலினாய்டில் பெரிய போல்ட்டுகள் இரண்டு இருக்கும். ஒன்றில் பேட்டரி கேபிள் வரும், மற்றொன்றிலிருந்து குட்டைப் பட்டை ஒன்று மோட்டாருக்குள் போகும். தவறிப்போய் மோட்டார் பக்க போல்ட்டில் முள்ளை வைத்தால் சும்மா இருக்கும்போதே 12 வோல்ட் காட்டும், குழம்பிவிடுவீர்கள். சரியான போல்ட்டில் வைத்திருந்தால் செல்ஃப் அடிக்கும் முன் பூஜ்யம்தான் வரும். அதன் பிறகு இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையிலும் அளந்து கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றும்போது 0.3-க்கு மேல் போனால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்து கருகியிருக்கிறது, கேபிள் மேல் பழி இல்லை.

எர்த் பக்கம்: கருப்பு முள் நெகட்டிவ் ஈயத் தூணில், சிவப்பு முள் ஸ்டார்ட்டர் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் அத்தனையும் இந்த வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். எர்த் பட்டை சேசிஸில் மாட்டும் போல்ட்டுக்கு அடியில் பெயின்டும் துருவும் செம்மண்ணும் சேர்ந்து கிடந்தால், புது கேபிள் போட்டும் பலன் இராது.

எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து அளங்கள்: ஈயத் தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் கேபிளின் செம்புக்கும் நடுவில், கேபிளின் மறுமுனைக்கும் லக்குக்கும் (போல்ட்டில் மாட்ட கேபிள் முனையில் போட்டிருக்கும் துளையுள்ள உலோகத் துண்டு) நடுவில், லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில். ஒவ்வோர் இணைப்பிலும் 0.1-க்குள் இருந்தால் நல்லது. தூணும் கிளாம்பும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருப்பது போலத் தெரியும். முள் நகர்வது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனாலும் அந்த இடைவெளியில் 0.8 வோல்ட் தொலைவதை மீட்டர் காட்டும். செல்ஃப் அடித்த கையோடு இணைப்புகளைத் தொட்டும் பாருங்கள். சுடுகிற இணைப்புதான் குற்றவாளி.

சுத்தம் செய்தல்

நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். சேசிஸ் முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டிருக்கும்போது அதன் வால் இரும்பில் பட்டால் பெரிய ஷார்ட். மோதிரம், காப்பு எதுவும் கையில் வேண்டாம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது ஈய சல்பேட், நீலப்பச்சை என்றால் செம்பும் அரிக்கப்பட்டுச் சேர்ந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்து இளகும். மூடித் துளை வழியாக பேட்டரிக்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கக் கூடாது, அமிலம் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். (பேட்டரியையும் உலோக அரிமானத்தையும் ஆராயும் சிக்ரி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் இயங்குகிறது. அந்த ஊரைச் சுற்றியே இத்தனை வண்டிகள் பூத்த டெர்மினலோடு ஓடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.)

கேபிளை மடக்கிப் பாருங்கள். கிளாம்புக்குப் பக்கத்தில் நறநறவென்றோ, உப்பி விறைத்தோ இருந்தால் மேல்தோலை இரண்டு சென்டிமீட்டர் கீறி உள்ளே பாருங்கள். பளபளவென்று செம்பு தெரிந்தால் நல்லது. கறுத்தோ பச்சையாகவோ பொடிந்தோ இருந்தால் அமிலம் உள்ளே ஏறிவிட்டது, கேபிளையே மாற்றுங்கள். அந்த அளவு வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினால் கேபிள் விறைப்பாக நிற்கும், இன்ஜின் அதிர்வில் லக் உடையும்.

புது கேபிள்

35 ஸ்கொயர் எம்எம், நீளம் அதிகமென்றால் 50. மெல்லிய இழைகள் நிறைந்த செம்புக் கேபிள் வேண்டும். வாங்கும் முன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். உண்மையான செம்பில் 35 ஸ்கொயர் ஒரு மீட்டருக்கு, 200 ஆம்பியரில், 0.1 வோல்ட்தான் இழக்கும்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அழுத்த வேண்டும். கருவி விலைக்கு வாங்கத் தேவையில்லை. மோட்டார் வைண்டிங் கடையிலோ பேனல் போர்டு செய்யும் இடத்திலோ கேபிளைக் கொடுத்தால் அழுத்தித் தருவார்கள். சுத்தியால் தட்டி நசுக்குவது வேலைக்கு ஆகாது. ஈயம் ஊற்றுவதையும் பரிந்துரைக்க மாட்டோம்: ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைக்கிறது, விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அழுத்திய பின் பலங்கொண்டு இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள். இரண்டு திருகில் கம்பியைக் கவ்வும் தற்காலிக கிளாம்ப் அவசரத்துக்கு மட்டும்தான்.

டிரெய்லர்: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

டிரெய்லர் விளக்குகள் விசித்திரமாக எரிந்தால் முதல் சந்தேகம் எர்த். பிரேக் மிதிக்கும்போது கரண்ட் பிரேக் ஃபிலமென்ட் வழியாக விளக்கின் உடம்புக்கு வருகிறது. அங்கிருந்து எர்த்துக்குப் போக வழியில்லாவிட்டால் பக்கத்து இண்டிகேட்டர் பல்புக்குள் நுழைந்து, அதன் வயர் வழியே டிராக்டரின் இண்டிகேட்டர் பல்புகளைத் தாண்டி எர்த்தைத் தேடுகிறது. அதனால்தான் எல்லாமே மங்கலாக எரிகிறது.

சோதனை எளிது. கிளிப் வயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை டிரெய்லர் சேசிஸில் சுரண்டிய இடத்திலும் மாட்டுங்கள். விளக்குகள் நேரானால் பழுது எர்த்தில்தான். பல டிரெய்லர்களில் தனி எர்த் வயரே இராது, கொக்கியும் பின்னும் தொடுவதை நம்பி விட்டிருப்பார்கள். கிரீஸும் துருவும் பூசிய அந்தத் தொடுகை ஒவ்வொரு குலுக்கலிலும் விட்டுவிட்டுப் பிடிக்கும். 2.5 ஸ்கொயரில் தனி எர்த் வயர் இழுத்து, சேசிஸில் பெயின்ட் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

7 பின் சாக்கெட்டில் பொதுத் தரம் இது: 1 இடது இண்டிகேட்டர் (மஞ்சள்), 2 கூடுதல் விளக்கு (நீலம்), 3 எர்த் (வெள்ளை), 4 வலது இண்டிகேட்டர் (பச்சை), 5 வலது டெயில் (பழுப்பு), 6 பிரேக் (சிவப்பு), 7 இடது டெயில் (கருப்பு). கருப்பு என்றால் எர்த் என்று நினைத்து சேசிஸில் கட்டிவிடுகிறார்கள். லைட் போட்டதும் ஃபியூஸ் போய்விடும். வயரிங் ஏற்கெனவே கைமாறியிருந்தால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு பின்னையும் டெஸ்ட் லேம்ப்பால் பாருங்கள். டிராக்டர் பக்கம் சரி என்றால், பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வயர் எடுத்து டிரெய்லர் பிளக்கின் ஒவ்வொரு பின்னிலும் கொடுத்து, எந்த விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வயர் அறுவது வழக்கமாகக் கொக்கிக்கு மேல் மடங்கும் இடத்திலும், டிப்பிங் டிரெய்லர் என்றால் பெட்டி தூக்கும் கீல் பக்கத்திலும், வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் எலி கடிக்கும் இடத்திலும்தான்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? ஒவ்வொன்றாக மாற்றி வீணாக்காதீர்கள். டிரெய்லர் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணையுங்கள். டிராக்டரின் சொந்த விளக்கும் அதே ஃபியூஸில் இருந்தால் அதையும் கழற்றுங்கள். லைட் சுவிட்சைப் போட்டதும் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. 60 வாட் பல்பு 5 ஆம்பியருக்கு மேல் விடாது, வயர் கருகாது. இப்போது வயரை முன்னிருந்து பின்வரை ஆட்டிக்கொண்டே போங்கள். எங்கே தொடும்போது பல்பு அணைகிறதோ அங்கே ஷார்ட். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள், வைக்கோல் ஏற்றும் வண்டி.

வயரை முறுக்கி டேப் சுற்றினால் சித்திரை வெயிலில் பசை உருகி, ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போகும். கிரிம்ப் போட்டு பசை ஸ்லீவ் மாட்டுங்கள். பல வயர்களை ஒட்டும்போது ஒட்டுகளை 3, 4 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு

"எல்லாம் சரி, ஆனால் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது." நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து (சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள்) நெகட்டிவ் தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் தொடக் கூடாது, மீட்டர் போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத டிராக்டரில் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியும் குறையவில்லையா? நெகட்டிவ் கழன்ற நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு மறுபடி அளங்கள். குறைந்தால் உள்ளே டையோடு கசிகிறது. அரை ஆம்பியர் கசிவு ஒரு நாளில் 12 ஆம்பியர் ஹவர் தின்னும், 75 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும்.

"டிரெய்லரில் எல்இடி விளக்கு போட்டதிலிருந்து இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது." வயரிங்கில் கோளாறு இல்லை. பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் ரிலே) 21 வாட் பல்புகளின் சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. சுமை குறைந்ததும் பல்பு ஃபியூஸ் போனதாக எடுத்துக்கொள்கிறது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ஒன்று மாற்றினால் போதும். மூன்று கால் வகையில் எர்த் கால் தனியாக இருக்கும், அதை சேசிஸில் சுரண்டிய இடத்திலேயே கொடுங்கள்.