சிறுவயதில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் பெரியவர்களான பின் கவனிக்க வேண்டியவை

"சின்ன வயசுலயே ஆபரேஷன் ஆயிடுச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்று வருடக்கணக்கில் இதய மருத்துவர் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். இதயத்தில் இருந்த சின்ன ஓட்டையைச் சீக்கிரமே அடைத்து, கசிவு எதுவும் மிச்சமில்லை என்றால் அது பெரும்பாலும் சரிதான். டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ (இதயத்தில் ஓட்டையோடு, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில் அடைப்பும் சேர்ந்த பிறவிக் குறைபாடு) போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அந்த ஆபரேஷனில் இந்த அடைப்பை நீக்கும்போது நுரையீரல் தமனி வால்வு பெரும்பாலும் கசியத் தொடங்கிவிடும். வலது கீழறை அதை இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் தாங்கும். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது அறை ஏற்கெனவே விரிந்து போயிருக்கும். வால்வு மாற்றும் நேரத்தை எம்ஆர்ஐ அளவை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தெம்பாக இருக்கிறோம் என்பதை வைத்து அல்ல.

முதல் வேலை, ஃபைல் சேர்ப்பது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும்: என்ன ஆபரேஷன், எந்த வருடம், ஒட்டு (பேட்ச்) வைத்துத் தைத்தார்களா, வால்வின் அளவு என்ன. பழைய ரெக்கார்டுகளை மருத்துவமனைகள் அழித்துவிடுவதுண்டு, இப்போதே கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் தழும்பைக் காட்டுங்கள். நெஞ்சு நடுவில் இருக்கிறதா, தோள்பட்டைக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கிறதா என்பதே மருத்துவருக்கு ஒரு தடயம். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த ஈசிஜி நகல் ஒன்றை போனில் வைத்திருங்கள். டெட்ராலஜி ஆபரேஷன் ஆனவர்களின் ஈசிஜி உடம்பு நன்றாக இருக்கும்போதும் பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். ஒப்பிடப் பழையது இல்லையென்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் குழப்பம்தான்.

ரத்த அழுத்தத்தை எந்தக் கையில் பார்ப்பது? பிளேலாக் ஷன்ட் (கைக்குப் போகும் ரத்தக்குழாயிலிருந்து நுரையீரல் தமனிக்கு வைக்கும் இணைப்பு) வைத்த பக்கத்துக் கையில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். மறு கையில் பாருங்கள். மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) சுருக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர்கள் வலது கையில் பார்க்க வேண்டும், காலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையைவிடக் காலில் 20க்கு மேல் குறைந்தால் சுருக்கம் திரும்பியிருக்கலாம்.

காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் அடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடுவதற்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு நாள் மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கிருமி கல்ச்சரில் வளராது. வால்வில் ஒட்டியிருக்கும் தொற்றோ உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று (வால்விலோ இதயத்தின் உட்சுவரிலோ கிருமி ஒட்டுவது) வந்தவர்கள், நீலம் பாரிக்கும் குறைபாடு (ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உதடும் நகமும் நீலமாவது) சரிசெய்யப்படாதவர்கள், ஈறில் ரத்தம் வரக்கூடிய பல் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் எடுப்பது வழக்கம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்கள்.

நீலம் பாரிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பது உடம்பு செய்துகொண்ட ஈடு. எண்ணைப் பார்த்துவிட்டு உடம்பிலிருந்து ரத்தம் எடுத்து அதைக் குறைக்க யாராவது சொன்னால், உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். இவர்களுக்கு ரத்தம் நுரையீரலில் வடிகட்டப்படாமலே உடம்புக்குப் போவதால், டிரிப் ஏற்றும்போது ஒரு சிறு காற்றுக்குமிழிகூட மூளைக்குப் போய்விடலாம். குழாயில் குமிழி இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபான்டன் ஆபரேஷன் (ஒரே கீழறை மட்டும் வேலை செய்யும் இதயத்துக்கு, உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேராக நுரையீரலுக்கு விடுவது) ஆனவர்களுக்குப் படபடப்பு நிற்காமல் அடித்தால், பிரஷர் சரியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஃபைலோடு.

கர்ப்பம் பற்றிய பேச்சு கருத்தரிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். ஐசன்மெங்கர் நிலையில் (அடைக்காத ஓட்டையால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி, உடம்பு நீலம் பாரிக்கும் நிலை) கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள், இப்போது சாப்பிடும் இதய மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிசுவின் இதய எக்கோவுக்கு 18 முதல் 22 வாரத்துக்குள் நாள் குறித்துவிடுங்கள்.